உடலேற்ற இறைவனும் உடை மாற்றிய துறவியும்

இறைமகன் மனிதரானார் என்பது திருச்சபை எளிதாகப் பெற்றுக்கொண்ட உண்மை அல்ல. தொடக்க நூற்றாண்டுகளில் பலருக்கு அது பெரிய இடறலாகவே இருந்தது. கடவுள் பசிப்பாரா, வியர்ப்பாரா, நண்பனின் கல்லறை முன் நின்று அழுவாரா என்று கூசியவர்கள், இயேசுவின் உடல் வெறும் தோற்றம்தான் என்றார்கள். வேறு சிலர் உடலை ஒப்புக்கொண்டு மனித மனத்தை மறுத்தார்கள். அப்பொலினாரியுஸ் இவர்களுள் பெயர் பெற்றவர். இவருக்கு மறுமொழியாக நசியான்சு நகர் புனித கிரகோரியார் வைத்த வாதம் மிக எளியது. நம்மிடம் உள்ளவற்றுள் எதை இறைமகன் தம்மோடு சேர்த்துக்கொள்ளவில்லையோ அது குணமடையாமலே நின்றுவிடும் என்பதுதான் அதன் சாரம். 451ஆம் ஆண்டு கால்செதோன் பொதுச்சங்கம் இயேசுவை உண்மையான கடவுள், உண்மையான மனிதர் என்று அறிக்கையிட்டது. பாவம் தவிர மற்ற அனைத்திலும் அவர் நம்மைப் போன்றவர்.

குருமடத்து வகுப்பறையில் இதைப் படிக்கும்போது தேர்வுக்குரிய பாடமாகத்தான் தோன்றும். இராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை நீளும் இந்தக் கடற்கரையில் சில காலம் பணிபுரிந்தால் பாடம் வேறு கேள்வியாக மாறிவிடுகிறது. மனித இயல்பு என்கிறோமே, அது எந்த மனிதரின் இயல்பு? காசிமேட்டில் விடியுமுன் மீன் கூடையைத் தலையில் ஏற்றும் பெண்ணின் கழுத்து வலியும் அதில் அடங்குமா? எண்ணூர் கழிமுகத்துச் சேற்றுக்குள் கையை விட்டுத் துழாவி இறால் பிடிக்கிறவர்களின் தோலரிப்பும் அடங்குமா? திருவொற்றியூர் சாலையில் கண்டெய்னர் லாரிகளின் வரிசைக்குள் இரவெல்லாம் விழித்திருக்கும் ஓட்டுநரின் களைப்பு? இவை எல்லாம் இறைமகன் சேர்த்துக்கொண்டவையா, அல்லது மதிப்புக்குரிய, தூய்மையான ஒரு மனிதத்தை மட்டும் தேர்ந்துகொண்டு அதில் அவர் குடியேறினாரா?

இந்தக் கேள்வியோடு நம் தமிழ் மண்ணில் வாழ்ந்த ஒருவரின் வாழ்க்கையை நினைத்துப் பார்க்க விரும்புகிறோம். அவர் 1656இல் நம் மயிலாப்பூரிலேயே இறந்தவர். தமிழர் அவரைத் தத்துவ போதகர் என்று அறிவர். இத்தாலியப் பெயர் இராபர்ட் தெ நொபிலி.

1577இல் பிறந்த இவரது குடும்பம் பிரபுக் குடும்பம். திருத்தந்தை 3ஆம் ஜூலியுஸ் இவரது உறவினர். இறையியல் அறிஞரான கர்தினால் பெல்லார்மினும் உறவினரே. மூத்த மகன் துறவியாவதை வீட்டார் விரும்பவில்லை. இவர் நேப்பிள்ஸ் சென்று இயேசு சபையில் சேர்ந்தார். 1604இல் லிஸ்பனிலிருந்து புறப்பட்ட கப்பல் மொசாம்பிக் அருகே விபத்துக்குள்ளானது. தப்பிப் பிழைத்து 1605 மே மாதம் கோவா வந்தார். முத்துக்குளித்துறையில் சில மாதங்கள் தமிழ் கற்றபின் 1606 நவம்பரில் மதுரையை அடைந்தார். அப்போது வயது 29.

மதுரையில் கொன்சாலோ பெர்னாண்டஸ் என்னும் முதிய குருவானவர் ஏற்கெனவே இருந்தார். ஒருகாலத்தில் போர்வீரராக இருந்த போர்த்துக்கீசியர். 1595 முதல் அங்கே ஒரு சிறு மருந்தகமும் பள்ளியும் நடத்தி, கடற்கரையிலிருந்து மதுரைக்கு வந்து தங்கிய பரதவக் கிறிஸ்தவர்களைக் கவனித்துவந்தார். நல்லவர், உழைப்பாளி. ஆனாலும் அந்தப் பதினொரு ஆண்டுகளில் மதுரைக்காரர் ஒருவர்கூடத் திருமுழுக்குப் பெறவில்லை.

காரணம் ஒரே ஒரு சொல்லில் இருந்தது. பறங்கி. போர்த்துக்கீசியரைக் குறிக்க மக்கள் வைத்த சொல் அது. மாட்டிறைச்சி உண்பவர், மது அருந்துபவர், குளிக்காதவர், எவரோடும் கலந்துண்பவர் என்ற இகழ்ச்சி அனைத்தும் அதற்குள் அடக்கம். கிறிஸ்தவராக விரும்புகிறவர்களிடம், பறங்கிக் குலத்தில் சேர உனக்கு விருப்பமா என்று கேட்கும் வழக்கமும் இருந்தது! கேட்டவர் நல்லெண்ணத்தோடுதான் கேட்டார். தம் குலத்தை விட்டு வேறு குலத்துக்கு மாறத்தான் அழைக்கிறார்கள் என்று கேட்டவர்கள் புரிந்துகொண்டார்கள். திருப்பலியைக் குறிக்கும் போர்த்துக்கீசியச் சொல்லோ, தமிழ்ச் செவிகளுக்கு மீசை என்று ஒலித்ததாம். மீசைக்கு வாருங்கள் என்றால் யார் வருவார்கள்?

நொபிலி பிரச்சினையைக் கண்டுகொண்டார். நற்செய்தி நம்மிடம் வரும்போது நம் உடலில் வரவேண்டும், அந்நியரின் உடலில் அல்ல. இறைவார்த்தை மனிதரானபோது பொதுவான ஏதோ ஒரு மனிதராகவில்லை. நாசரேத்தூர்க்காரர் ஆனார். கலிலேயப் பேச்சு வழக்கு அவர் நாவில் இருந்தது, யூத மக்களின் விழாக்களும் திருப்பாடல்களும் அவருடையவையாக இருந்தன. அப்படியானால் தமிழருக்கு நற்செய்தி கூறுபவர் தமிழராக வேண்டும். இன்று நாம் பண்பாட்டுமயமாதல் என்று பெரிய சொல்லால் அழைப்பதை, அந்த இளைஞர் நானூறு ஆண்டுகளுக்கு முன் தம் வயிற்றிலும் தோலிலும் செய்துபார்த்தார்.

அவர் செய்தது சிறு மாற்றம் அல்ல. கறுப்பு அங்கியை விட்டுக் காவி உடுத்தார். தோல் காலணியை விட்டு மரத்தாலான பாதக்குறடு அணிந்தார். இறைச்சி, மீன், முட்டை, மது அனைத்தையும் விட்டார். சோறும் காய்கறியும் பாலுமாக நாளுக்கு ஒருவேளை உணவு. தரையில் சம்மணமிட்டு அமரப் பழகினார். சிவதருமர் என்னும் தெலுங்குப் பிராமண அறிஞரிடம் சமஸ்கிருதமும் தெலுங்கும் கற்றார். ஓர் அந்நியருக்கு வேதத்தைச் சொல்லிக்கொடுத்ததால் சிவதருமருக்கு வரக்கூடிய ஆபத்து சிறிதல்ல. அவரும் பிறகு திருமுழுக்குப் பெற்றார். நொபிலி சிலகாலம் பொன்னிழையும் வெள்ளியிழையும் கொண்ட பூணூலில் சிலுவை கோத்து அணிந்து, பின்னர் அதை விட்டுவிட்டார். பள்ளி ஆசிரியர் ஒருவர் பல நாள்கள், நாளுக்குப் பல மணி நேரம், கடவுளையும் ஆன்மாவையும் படைப்பையும் பற்றி அவரோடு வாதாடி, கடைசியில் திருமுழுக்குக் கேட்டார். மதுரைத் திருச்சபை அப்படித்தான் தொடங்கியது.

மொழியில் அவர் செய்த பணியை நாம் அன்றாடம் அனுபவிக்கிறோம். கோவில், பூசை, குரு, அருள், வேதம் போன்ற சொற்கள் நம் செபத்தில் இயல்பாகப் புழங்குவதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. ஞானோபதேசம், ஆத்தும நிர்ணயம், தூஷண திக்காரம் போன்ற அவருடைய நூல்கள் தமிழ் உரைநடையின் தொடக்கக் கட்டத்தில் குறிப்பிடத்தக்க இடம் பெற்றவை. வடசொற்கள் மிகுந்த அந்த நடை இன்றைய வாசகரைச் சோதிக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். நமக்கும் அகராதி இல்லாமல் முடிவதில்லை.

இதுவரை சொன்னதோடு நிறுத்திவிட்டால் புகழுரையாக முடிந்துவிடும். ஆனால் நம் கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது. அவர் எந்தத் தமிழரானார்?

1611இல் தம் வீட்டு வாயிலில் நொபிலி ஓர் ஓலை அறிவிப்பை வைத்தார். தாம் பறங்கி அல்லர், பறங்கியர் நாட்டில் பிறந்தவரும் அல்லர், உரோமையில் அரசகுலத்துக்கு இணையான குடும்பத்தில் பிறந்தவர் என்று அதில் அறிவித்தார். சொல்லுக்குச் சொல் பார்த்தால் அதில் பொய் இல்லை. அவர் போர்த்துக்கீசியர் அல்லர், உயர்குடியில் பிறந்தவர்தான். ஆனால் அந்த ஓலையின் மறுபக்கத்தையும் நாம் படிக்க வேண்டும். பறங்கி அல்ல என்று சொன்னபோது, பறங்கியரோடு சேர்த்து எண்ணப்பட்ட பரதவ மக்களிடமிருந்தும் அவர் விலகி நிற்க வேண்டியதாயிற்று. பெர்னாண்டசின் இல்லத்திலிருந்து பிரிந்து வேறு வீடு, வேறு கோவில், வேறு சமையல். ஒரே ஊரில் ஒரே சபையைச் சேர்ந்த இரு குருக்கள் வெளிப்படையாக ஒன்றாக அமர்ந்து உண்ண முடியவில்லை. 1530களில் திருமுழுக்குப் பெற்று, 1542இல் வந்த புனித சவேரியாரிடம் செபம் கற்று, மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவர்களாய் இருந்த மீனவர்களுக்கு, புதிதாய் வந்த ஐயரின் கோவில் தங்கள் கோவில் அல்ல என்று ஆயிற்று.

கடற்கரைப் பங்கில் இருந்துகொண்டு இதைப் படிக்கும்போது நம் மனம் வலிக்கத்தான் செய்கிறது. நம் இராயபுரம் புனித இராயப்பர் ஆலயம் படகோட்டிகள் எழுப்பியது. 1829ஆம் ஆண்டுக் கோவில். துறைமுகம் இல்லாத அந்தக் காலத்தில் கப்பல்கள் கடலில் தொலைவில் நிற்கும். அலையைக் கிழித்து மனிதரையும் சரக்கையும் கரை சேர்த்தவை அவர்களுடைய படகுகள். தங்கள் கோவிலுக்கு அவர்கள் ஒரு மீனவரின் பெயரை வைத்தார்கள். இயேசு தம் கூடவே இருக்க முதலில் அழைத்ததும் வலை வீசிக்கொண்டிருந்தவர்களைத்தான். உயிர்த்த ஆண்டவரைக் கண்டு, ஆவியோ என்று சீடர் அஞ்சியபோது, தமக்கு உடல் உண்டு என்பதை அவர் எப்படிக் காட்டினார் என்று லூக்கா எழுதுகிறார். பொரித்த மீன் துண்டு ஒன்றை வாங்கி அவர்கள் கண்முன்னே உண்டார். திபேரியக் கடற்கரையில் கரி மூட்டி மீன் சுட்டு அவர்களுக்குக் காலை உணவும் கொடுத்தார். மீன் வாடை தம்மேல் படுவதைப் பற்றிக் கவலைப்படாத கடவுள் அவர்.

நொபிலி மீன் உண்ணாததை நாம் குறையாகச் சொல்லவில்லை. அவர் அதைத் துறந்தது மக்களுக்காகத்தான். சுவைக்காக அல்ல, சாதிச் செருக்குக்காகவும் அல்ல. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு மக்களின் வாழ்வை ஏற்கும்போது அவர்களுடைய சுவர்களையும் சேர்த்து ஏற்க வேண்டியதாகிவிடுகிறது. சாதி என்பது உடையைப் போல் வெறும் சமூக வழக்கம், சமயத்தோடு தொடர்பற்றது என்று அவர் நம்பினார். பிறப்பால் ஒரு குலத்தவர், நம்பிக்கையால் கிறிஸ்தவர் என்று இரண்டையும் பிரித்துவிடலாம் என்பது அவர் கணக்கு. பூணூலையும் குடுமியையும் சந்தனத்தையும் பற்றி அந்தக் கணக்கு ஓரளவு சரி. தீட்டைப் பற்றி அது சரியல்ல. தொழுநோயாளரைத் தொட்டுக் குணமாக்கியவர், சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டவர், சக்கேயுவின் வீட்டில் விருந்துண்டவர், தம் உடலால் மீறிக்கொண்டே இருந்தது அந்த ஒன்றைத்தான்.

உரோமையும் இதை உணராமல் இல்லை. பெர்னாண்டஸ் 1610இல் முறையிட்டதில் தொடங்கிய விசாரணை பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. 1619இல் கோவாவில் கூடிய கூட்டத்தில் எதிர்ப்பே மிகுதி. உறவினரான பெல்லார்மின்கூட முதலில் வருந்தி, விளக்கம் கிடைத்த பிறகே அமைதியடைந்தார். கடைசியில் 1623 சனவரி 31 அன்று திருத்தந்தை 15ஆம் கிரகோரி, மூடநம்பிக்கை கலவாத அளவில் பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகியவற்றை அனுமதித்தார். நொபிலி வென்றார் என்று வரலாற்று நூல்கள் இந்த இடத்தில் எழுதும். ஆனால் அதே மடலில், உயர்குலத்துக் கிறிஸ்தவர்கள் எளியவர்களை இகழக்கூடாது என்று திருத்தந்தை வருந்திக் கேட்டுக்கொண்டதும் இருக்கிறது. அனுமதியை எல்லாரும் நினைவில் வைத்தார்கள். வேண்டுகோளை மறந்தவர்கள் பலர்.

மறந்ததன் விலையை அடுத்த தலைமுறைகள் கொடுத்தன. திருத்தந்தையின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த தூர்னோன் 1704இல் வெளியிட்ட ஆணைகளில் ஒன்று, நோயுற்ற தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்களின் வீட்டுக்குள் சென்று குருக்கள் அருளடையாளங்களை வழங்க வேண்டும் என்பது. அப்படி ஓர் ஆணை தேவைப்பட்டது என்பதே போதும், நாம் வேறு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. சாகக் கிடப்பவரின் குடிசை வாசலில் நின்றுவிட்ட குருவை நினைத்துப் பாருங்கள். கிரகோரியாரின் வாதம் அந்த வாசற்படியில் வந்து நிற்கிறது.

ஆனாலும் நொபிலியின் மேல் மட்டும் பழியைப் போட்டுவிட்டுப் போக நம்மால் முடியவில்லை. தம் வழி சிலரை வெளியே நிறுத்துகிறது என்பதை அவரும் சபையாரும் கண்டார்கள். அவர் வாழ்நாளிலேயே, 1640இல், பண்டாரசாமிகள் என்ற மற்றொரு பணிமுறை தோன்றியது. பல்தசார் த கோஸ்தா முதலாமவர். பண்டாரம் எல்லாக் குலத்தாரோடும் பேசலாம், எளியோரிடம் செல்லலாம், உயர்குலத்தாரும் அவரை ஒதுக்கமாட்டார்கள். லிஸ்பன் அரண்மனையில் இளவரசரின் தோழனாக வளர்ந்த அருளானந்தர் 1673இல் இங்கு வந்து இந்தப் பண்டார வேடத்தைத்தான் ஏற்றார். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலையைக் கொடுத்தார். உயர்ந்தோரிடம் செல்ல நொபிலி திறந்த கதவின் வழியாகவே எளியோரிடம் செல்லும் பாதையும் பிறந்தது. சுவரை இடித்தார்கள் என்று சொல்லமாட்டோம். சுவரில் ஒரு வாசல் வைத்தார்கள்.

நொபிலியின் வாழ்க்கையில் நம்மை அதிகம் தொடுவது அவர் தேர்ந்துகொண்ட காவியும் குறடும் அல்ல. அவர் தேர்ந்துகொள்ளாமலே அவர்மேல் வந்தவைதான். 1640இல், 62 வயதில், மதுரையில் அவரைக் கைதுசெய்து சிறையில் அடைத்தார்கள். சிறையில் ஐயருக்கு ஒரு சோறு, பண்டாரத்துக்கு ஒரு சோறு என்று கிடையாது. உடல் தளர்ந்தது. கண்பார்வை மங்கிக்கொண்டே வந்தது. தமிழ், தெலுங்கு, சமஸ்கிருதம் என்று ஓலைகளில் வாழ்ந்த மனிதருக்கு எழுத்து மறைவதைவிடப் பெரிய இழப்பு எது? மதுரையில் இனி பணிபுரிய இயலாது என்று முதலில் யாழ்ப்பாணத்துக்கும் பிறகு மயிலாப்பூருக்கும் அனுப்பினார்கள்.

மனித இயல்பை முழுமையாகப் பகிர்வது எங்கே நடக்கிறது என்று இங்கேதான் நமக்கு விளங்குகிறது. உணவையும் உடையையும் நாம் தேர்ந்துகொள்ளலாம். அவற்றை நம் விருப்பம்போல் உயர்த்தியும் தாழ்த்தியும் கொள்ளலாம். நோய், முதுமை, பிறர் கையை நம்பி நடக்கும் நிலை, சாவு ஆகியவற்றைத் தேர்ந்துகொள்ள முடியாது; அவற்றுக்குக் குலமும் இல்லை. எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகம் இயேசுவை நம் உடன்பிறப்பாகக் காட்டும்போது இந்தப் பக்கத்தைத்தான் சுட்டுகிறது. நம்மைப் போல் இரத்தமும் சதையும் கொண்டு சோதிக்கப்பட்டார், சாவின் அச்சத்தை அறிந்தார் என்கிறது. கெத்சமனியில் வியர்த்த உடலும், சிலுவையில் தாகமெடுத்த நாக்கும் ஒரு யூதத் தச்சரின் உடல்தான். ஆனால் அந்த வியர்வையை எவரும் தம்முடையது என்று அடையாளம் கண்டுகொள்ளலாம்.

2017 சனவரி 28 அன்று எண்ணூருக்கு அருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கடலில் கசிந்தபோது, நம் கரைகளில் அதை வாளிகளால் அள்ளினார்கள். கருந்தாரில் முழங்கை வரை மூழ்கிய அந்தக் கைகளில் எது மீனவர் கை, எது தீயணைப்பு வீரர் கை, எது கல்லூரி மாணவர் கை என்று பிரித்தறிய முடியவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் எண்ணூர் கழிமுகத்துக்குள் புகுந்தபோது, படகுகளில் சென்று அதை வழித்தெடுத்தவர்களில் அங்கேயே வாழும் மீனவர்களும் இருந்தார்கள். சதை என்று யோவான் நற்செய்தியாளர் எழுதியபோது இப்படிப்பட்ட கைகளையும் நினைத்திருக்கமாட்டார் என்று யார் சொல்வது? மனிதர் என்ற மரியாதையான சொல் அவருக்குக் கிடைக்காமல் இல்லை. வேண்டுமென்றேதான் சதை என்ற சொல்லை எடுத்தார். எளிதில் காயப்படுவது, நாற்றமெடுப்பது, அழிவது எதுவோ அதுவே அந்தச் சொல்லின் பொருள்.

மயிலாப்பூர் அப்போது போர்த்துக்கீசியரின் சாந்தோம் நகரம். 1606 முதலே மறைமாவட்டத் தலைமையிடம். நோயாளியான ஒரு முதிய குருவுக்கு அங்கே நல்ல அறையும் இறைச்சிச் சாறும் திராட்சை இரசமும் கிடைத்திருக்கும். அவரைப் பறங்கி என்று இகழ இனி மதுரைக்காரர் எவரும் அங்கே பார்த்துக்கொண்டிருக்கவில்லை. வேடமாக மட்டும் இருந்திருந்தால் அன்றே கலைத்திருக்கலாம். நொபிலி ஊருக்கு வெளியே ஒரு குடிசையில் தங்கினார். அந்த எளிய சைவ உணவை அங்கேயும் விடவில்லை. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் உடுத்த உடை அதற்குள் தோலாகிவிட்டிருந்தது. உரோமைக்கு அவர் திரும்பவே இல்லை.

பார்வை போன பிறகும் நூல் வேலை நிற்கவில்லை. அவர் சொல்லச் சொல்ல உடனிருந்த சீடர்கள் எழுதினார்கள். பழைய நூல்களை வாசித்துக் காட்டச் சொல்லித் திருத்தினார். ஒருகாலத்தில் வாதத்தால் மதுரையை வியக்கவைத்தவர், எழுந்து நடக்கவும் உண்ணவும் தமிழ்க் கிறிஸ்தவர்கள் சிலருடைய கையைப் பிடித்துக்கொண்டார். 1656 சனவரி 16 அன்று, தம் 79ஆம் வயதில், அந்தக் கடற்கரை ஊரிலேயே உயிர் நீத்தார்.